வெந்நீரின் காத்திருப்பு: புதுச்சேரிக் கட்டட ஆற்றல் கணிப்பில் நீர்ச் சூடேற்றிகளின் பயனுறுதிறனும் வெப்ப இழப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தொட்டியில் சேமித்த வெந்நீர், எவரும் பயன்படுத்தாத நேரத்திலும் சுற்றுப்புறத்துக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. இவ்விழப்பு இக்கட்டுரையில் ‘காத்திருப்பு இழப்பு’ எனப்படுகிறது. கட்டடங்களின் ஆற்றல் நுகர்வைக் கணினி வழியே முன்கணிப்போர் இவ்விழப்புக்குரிய எண்ணைத் தர அட்டவணைகளிலிருந்து எடுத்தாள்கின்றனர். அந்த எண், அது அளக்கப்பட்ட இடத்தின் தட்பவெப்பத்தையும் வீட்டமைப்பையும் குளியல் வழக்கத்தையும் உள்ளடக்கியது என்பதை இக்கட்டுரை அதன் வரலாற்றின் வழியே நிறுவுகிறது. கொல்லைப்புற அடுப்பிலிருந்து குளியலறைக் கீசர் வரையிலான மாற்றத்தைப் புதுச்சேரி நகரை முன்வைத்து விளக்கி, எடுத்துக்காட்டுக் கணக்கீடுகளின் வாயிலாக அயல் அளவைகளை அப்படியே கொள்வதால் நேரும் பிழைகளைச் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: வெந்நீர், காத்திருப்பு இழப்பு, பயனுறுதிறன், கட்டட ஆற்றல் மாதிரியாக்கம், புதுச்சேரி, கீசர், தரநிலைகள்.

1. முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் பொருள்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எந்திரம் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, எவ்வாறு பரவியது, யார் வாங்கினர் என்பன அதன் வழக்கமான வினாக்கள். அப்பொருள்களை மதிப்பிடப் பயன்படும் எண்களுக்கும் வரலாறு உண்டு. ஓர் எண் எங்கே, எந்தச் சூழலில், எதை அளப்பதற்காகத் தோன்றியது என்பதை அறியாமல் அதை வேறோர் ஊருக்குப் பொருத்தும்போது, கணக்கு சரியாகவும் முடிவு தவறாகவும் அமைந்துவிடக்கூடும்.

நீர்ச் சூடேற்றியின் பயனுறுதிறனும் காத்திருப்பு இழப்பும் இத்தகைய எண்கள். கட்டட ஆற்றல் விதிகள் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பின்னர் விடுதி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றை வடிவமைப்போர் இவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டியவராயினர். எந்தக் கட்டடம் சிக்கனமானது, எந்த மாற்றத்துக்கு ஊக்கத்தொகை தருவது, பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது எதற்குச் செலவிடுவது ஆகிய முடிவுகள் இவ்வெண்களைச் சார்ந்துள்ளன.

இவ்வாய்வுக்குப் புதுச்சேரி பொருத்தமான களம். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடற்கரை நகர் அது. 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. திண்ணையும் முற்றமும் கொண்ட தமிழர் வீடுகள், உயர்ந்த சுவர்களும் வளைவுத் தாழ்வாரங்களும் கொண்ட பிரெஞ்சுக்கால வீடுகள், அண்மைக்கால அடுக்ககங்கள், பழைய வீடுகளை மாற்றியமைத்த விடுதிகள் ஆகிய அனைத்தும் சில தெருக்களின் எல்லைக்குள் அருகருகே உள்ளன. வெந்நீர் வீட்டின் எந்த மூலையில் இருந்தது, எங்கே இடம்பெயர்ந்தது என்பதை இங்கே ஒருசேரக் காணலாம்.

2. கொல்லை அடுப்பு: சேமிப்பற்ற வெந்நீர்

தமிழகக் கடற்கரை ஊர்களில் வெந்நீர் அன்றாடத் தேவையாக இருந்ததில்லை. எண்ணெய்க் குளியல், பிள்ளைப்பேறு, நோய், முதுமை, மார்கழிக் குளிர் எனக் காரணமும் காலமும் குறித்தே நீர் சூடேற்றப்பட்டது. கூதிர்காலத்தில் மக்கள் குளிர்ந்த நீரை விலக்கித் தடவில் இட்ட நெருப்பை நாடியதை நெடுநல்வாடை காட்டுகிறது. வெப்பத்தை நாடுவது பருவத்தோடு பிணைந்த செயல் என்பது இதனால் புலப்படும்.

முற்றம் கொண்ட வீடுகளில் கிணறும் குளிக்குமிடமும் பெரும்பாலும் பின்கட்டிலோ கொல்லையிலோ இருந்தன. வெந்நீர் அடுப்பும் அங்கேயே இருந்தது. அண்டாவிலோ தவலையிலோ காய்ந்த நீரை மொண்டு, தண்ணீர் கலந்து, குளிக்கும் பதத்துக்குக் கொணர்வர். இக்கலப்பைக் குறிக்க ‘விளாவுதல்’ என்னும் தனிச்சொல்லே தமிழில் உண்டு. சூடேற்றும் வெப்பநிலையும் குளிக்கும் வெப்பநிலையும் வெவ்வேறு என்பதை இச்சொல் உணர்த்துகிறது. இன்றைய கணக்கீட்டிலும் இவ்வேறுபாடே முதற்படி.

இம்முறையின் ஆற்றல் இயல்பை இரண்டு வகையில் விளக்கலாம். முதலாவது, சூடேற்றும் வேளையில் இழப்பு மிகுதி. மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்துக்குச் சேரும் என்பது அடுப்பு ஆய்வுகளின் பொதுவான முடிவு. இரண்டாவது, காத்திருப்பு இழப்பு மிகக் குறைவு. நீர் காய்ந்தவுடன் குளியல் நடந்துவிடும். எஞ்சிய நீரைச் சூடாக வைத்திருக்க எவரும் விறகு எரிப்பதில்லை. அடுப்பின் சூடு கொல்லையின் திறந்தவெளிக்கே சென்றது. உறங்கும் அறையைத் தீண்டவில்லை.

பின்னர் வசதியுள்ள வீடுகளில் புழங்கிய செம்புப் பாய்லர் இடைப்பட்ட நிலை. நடுவே நெருப்புக் குழாயும் அதனைச் சுற்றி நீரும் அமைந்த அக்கலனில் கரியின் வெப்பம் நாற்புறமும் நீரைத் தொடும். சூடேற்றும் பயனுறுதிறன் உயர்ந்தது. கூடவே, நீர் ஒரு மூடிய கலனில் சேமிக்கப்படும் வழக்கமும் தொடங்கியது. காத்திருப்பு இழப்பின் தொடக்கம் இச்சேமிப்பில்தான்.

3. வெப்பத்தை எண்ணாக்கிய முயற்சிகள்

சூடான பொருள் எவ்வளவு விரைவாகக் குளிர்கிறது என்னும் வினாவுக்கு 1701இல் நியூட்டன் விடை தந்தார்: குளிரும் வேகம், பொருளுக்கும் சூழலுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. 1783இல் லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டிக் கலோரிமானியால் வெப்பத்தின் அளவை உருகிய நீரின் எடையாக மாற்றிக் காட்டினர். 1822இல் ஃபூரியே வெப்பக் கடத்தலுக்குக் கணித வடிவம் தந்தார். 1820களில் கிளெமான் தம் பாரிசு விரிவுரைகளில் கலோரி என்னும் அலகைப் பயன்படுத்தினார். ஜூலின் ஆய்வுகள் 1840களில் மின்சாரம், வேலை, வெப்பம் ஆகியவற்றை ஒரே கணக்கில் இணைத்தன.

இவ்வறிவின் பெரும்பகுதி, புதுச்சேரியை ஆண்ட நாட்டிலேயே உருவானது. ஆயினும் அது இங்குள்ள வீட்டு வெந்நீரை அளக்கும் கருவியாக வரவில்லை. இந்திய ஒன்றியம் மெட்ரிக் அளவைச் சட்டத்தை 1956இல், புதுச்சேரி நடைமுறையில் இணைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், நிறைவேற்றியது. லிட்டர், பாகை செல்சியஸ், கிலோவாட் மணி என்னும் இன்றைய அலகுகளில் வீட்டு வெந்நீரைக் கணக்கிடும் பழக்கம் மின்கலன்கள் பரவிய பின்னரே இங்கே வேரூன்றியது.

4. தொட்டியின் வருகை

இலண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் 1868இல் வடிவமைத்த எரிவாயு நீர்ச் சூடேற்றிக்குக் ‘கீசர்’ என்று பெயர். ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் அச்சொல் இந்தியாவில் மின்சாரச் சேமிப்புக் கலனின் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. மாகனின் கருவி ஓடும் நீரைச் சூடேற்றியது, சேமிக்கவில்லை. சேமிப்புத் தொட்டியுடன் தானியங்கும் சூடேற்றியை அமெரிக்காவில் எட்வின் ரூட் 1889இல் உருவாக்கினார்.

காத்திருப்பு இழப்பு வணிகப் போட்டியின் பொருளானது சூரிய வெந்நீரில்தான். 1891இல் பால்டிமோரைச் சேர்ந்த கிளாரன்சு கெம்ப், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கருந்தொட்டிகளை வைத்துக் ‘கிளைமாக்சு’ என்னும் சூரியச் சூடேற்றியை விற்றார். வெயிலில் சூடான நீர், இரவில் அதே கண்ணாடி வழியே வெப்பத்தை இழந்து விடியலுக்குள் ஆறிவிடும். 1909இல் வில்லியம் பெய்லி வெப்பம் திரட்டும் தகட்டையும் வெப்பக் காப்பிட்ட தொட்டியையும் தனித்தனியாகப் பிரித்தார். தம் நிறுவனத்துக்கு அவர் ‘பகலும் இரவும்’ என்னும் பொருளில் பெயரிட்டார். காத்திருக்கும்போது ஆறாத நீரே விற்பனைப் பண்பாயிற்று. இன்று புதுச்சேரியின் மொட்டைமாடிகளில் காணும் தகடும் தொட்டியுமான அமைப்பு அவர் செய்த பிரிவின் வழிவந்தது.

மின்சாரக் கீசர் கொல்லை அடுப்பின் இயல்பைத் தலைகீழாக்கியது. நீரில் மூழ்கிய மின்சுருள் தான் பெறும் மின்சாரம் அனைத்தையும் வெப்பமாக நீருக்குத் தருவதால், சூடேற்றும் வேளையின் இழப்பு கலனளவில் ஏறத்தாழ இல்லை. கலனின் இழப்பு முழுவதும் காத்திருப்பில் குவிந்தது. சூடேற்றும் வேளையின் இழப்போ வீட்டைவிட்டு வெளியேறி அனல்மின் நிலையத்துக்குச் சென்றது. 1962 முதல் மின்சாரம் தந்துவரும் நெய்வேலி போன்ற பழுப்பு நிலக்கரி நிலையங்களில் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. ஆகவே கீசரின் பயனுறுதிறன் என்று சொல்லும்போது அளவிடும் எல்லை கலனா, வீடா, மின்நிலையமா என்பதைத் தெளிவுபடுத்துவது இன்றியமையாதது.

இதற்கிணையான இன்னொரு மாற்றம் வீட்டமைப்பில் நிகழ்ந்தது. குளிக்குமிடம் கொல்லையிலிருந்து வீட்டுக்குள் வந்தது. பின்னர்ப் படுக்கையறையோடு ஒட்டிக்கொண்டது. அதனுடன் வெந்நீர்க் கலனும் உள்ளே வந்தது. திறந்தவெளிக்குச் சென்ற சூடு இப்போது அறைக்குள் சேர்கிறது.

5. தரநிலைகள்: எண் பிறந்த சூழல்

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வீட்டுக் கருவிகளின் ஆற்றல் நுகர்வு அரசுகளின் அக்கறையாயிற்று. அமெரிக்காவின் 1987ஆம் ஆண்டுச் சட்டம் நீர்ச் சூடேற்றிகளுக்குக் குறைந்தபட்ச ‘ஆற்றல் காரணி’யை வகுத்தது, 1990 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு நாளில் பயன்பட்ட வெப்பத்தை, அந்நாளில் செலவான ஆற்றலால் வகுத்தால் கிடைப்பது ஆற்றல் காரணி. சூடேற்றும் திறனும் காத்திருப்பு இழப்பும் இந்த ஒற்றை எண்ணில் கலந்துவிடுகின்றன.

1990களில் நடைமுறையில் இருந்த அச்சோதனையின் நிபந்தனைகள் கருதத்தக்கவை. தொட்டி நீர் 57.2 பாகை செல்சியஸ், சுற்றுப்புறம் 19.7 பாகை, உள்வரும் நீர் 14.4 பாகை, ஒரு நாளில் எடுக்கும் வெந்நீர் ஏறத்தாழ 243 லிட்டர். பயன்படும் வெப்பம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கிலோவாட் மணி. குளிர்நாட்டு நிலவறையில் கலனை வைத்து, குளித்தல், பாத்திரம் கழுவுதல், துணி துவைத்தல் அனைத்துக்கும் வெந்நீர் கொள்ளும் குடும்பம் இந்நிபந்தனைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. பின்வந்த சீர்திருத்தங்கள் தொட்டியின் வெப்பநிலையைக் குறைத்து, பயன்பாட்டு அளவுகளையும் வகைப்படுத்தின.

இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2082 வேறு வழியை மேற்கொண்டது. நீர் எதையும் எடுக்காமல், சூழலைவிட 45 பாகை மிகுதியாகத் தொட்டியை வைத்திருக்க 24 மணி நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தேவை என்பதே அதன் அளவை. 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002இல் நிறுவப்பட்ட எரிசக்தித் திறன் பணியகம், 2006இல் நட்சத்திரக் குறியீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கீசர்களுக்கான குறியீடு இக்காத்திருப்பு இழப்பையே அடிப்படையாகக் கொண்டது. தொடக்ககால அட்டவணையில் 25 லிட்டர் கலனுக்கு ஒரு நட்சத்திரத்தின் மேல் எல்லை 1.386 கிலோவாட் மணி. ஐந்து நட்சத்திரத்துக்கு அதில் பாதி, அதாவது 0.693. 6 லிட்டர் கலனுக்கு ஒரு நட்சத்திர எல்லை 0.792, 200 லிட்டர் கலனுக்கு 2.970. கொள்ளளவு பெருகும் வேகத்தில் மேற்பரப்பு பெருகுவதில்லை என்பதால் லிட்டருக்கான இழப்பு சிறிய கலன்களிலேயே மிகுதி.

இரண்டு அளவைகளும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள். அமெரிக்க எண் ஒரு குடும்பத்தின் ஒரு நாளை அளக்கிறது; இந்திய எண் கலனின் சுவரை மட்டும் அளக்கிறது. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது பொருந்தாது.

6. கணினி மாதிரிக்குள் நுழைந்த எண்

கட்டடத்தின் ஆற்றல் ஓட்டத்தை மணிக்கு மணி கணிக்கும் மென்பொருள்கள் 1970களில் அமெரிக்க ஆய்வகங்களில் உருவாயின. அவற்றின் வழித்தோன்றலான எனர்ஜிபிளஸ் 2001இல் வெளிவந்தது. அதன் எளிய நீர்ச் சூடேற்றி மாதிரி, தொட்டி முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாகக் கொண்டு, சூடேற்றும் பயனுறுதிறன், ஒரு பாகை வேறுபாட்டுக்கு எத்தனை வாட் இழப்பு என்னும் இழப்புக் கெழு ஆகிய இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது.

ஆற்றல் காரணியிலிருந்து இக்கெழுவைப் பிரித்தெடுக்கும் எளிய சமன்பாட்டை 1998இல் லட்சும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டனர். அதைச் சொற்களில் இவ்வாறு தரலாம். ஆற்றல் காரணியின் தலைகீழியிலிருந்து மீட்புத் திறனின் தலைகீழியைக் கழிக்க வேண்டும், இது மேல்தொகை. 24 மணியை ஒரு நாளின் பயன்வெப்பத்தால் வகுத்து, அதிலிருந்து மீட்புத் திறன், உள்ளீட்டுத் திறன் ஆகியவற்றின் பெருக்கற்பலனின் தலைகீழியைக் கழித்து, வெப்பநிலை வேறுபாட்டால் பெருக்க வேண்டும், இது கீழ்த்தொகை. மேல்தொகையைக் கீழ்த்தொகையால் வகுக்கக் கெழு கிடைக்கும். இதில் இட வேண்டிய பயன்வெப்பமும் வெப்பநிலை வேறுபாடும் சோதனைக்கூடத்துக்குரியவை. பயனரின் ஊருக்குரியவை அல்ல. கெழுவைப் பிரித்த பின்னரே உள்ளூர் நிலைமைகளை இட வேண்டும்.

இந்தியக் கலனுக்கு இப்பணி எளிது. 1.386 கிலோவாட் மணியை 24ஆல் வகுத்தால் 57.75 வாட், அதை 45ஆல் வகுத்தால் பாகைக்கு 1.283 வாட். இதுவே 25 லிட்டர், ஒரு நட்சத்திரக் கலனின் இழப்புக் கெழு. மின்கலனாதலால் சூடேற்றும் பயனுறுதிறனை 1 என்றே கொள்ளலாம். இங்கே எழும் பொதுவான பிழை ஒன்றுண்டு. ஆற்றல் காரணியைப் பயனுறுதிறனாக இட்டுவிட்டு, கெழுவையும் தனியே இடுவோர் காத்திருப்பு இழப்பை இருமுறை எண்ணுகின்றனர்.

7. புதுச்சேரிக்கான கணக்கீடு

இக்கெழுவைக் கொண்டு இரண்டு ஊர்களை ஒப்பிடலாம். இரண்டிலும் நால்வர் கொண்ட குடும்பம். ஒவ்வொருவரும் 40 பாகையில் விளாவிய 40 லிட்டர் நீரில் குளிப்பதாகவும், கலன் 60 பாகையில் நாள் முழுதும் இயங்குவதாகவும் கொள்வோம். குளிர்ந்த ஊரில் அறை 20 பாகை, உள்வரும் நீர் 15 பாகை. புதுச்சேரியில் அறை 30 பாகை, உள்வரும் நீர் 28 பாகை.

குளிர்ந்த ஊர்: ஒருவருக்கு வேண்டிய 60 பாகை வெந்நீர் 22 லிட்டர், குடும்பத்தின் நாள் பயன்வெப்பம் 4.65 கிலோவாட் மணி. காத்திருப்பு இழப்பு 1.23, ஒட்டுமொத்தப் பயனுறுதிறன் 79 விழுக்காடு.

புதுச்சேரி: ஒருவருக்கு 15 லிட்டர், பயன்வெப்பம் 2.23 கிலோவாட் மணி. காத்திருப்பு இழப்பு 0.92; ஒட்டுமொத்தப் பயனுறுதிறன் 71 விழுக்காடு.

வெப்பமான ஊரில் இழப்பு குறையும் என்னும் எதிர்பார்ப்பு சரியே. அது கால் பங்கு குறைந்துள்ளது. ஆனால் பயன்வெப்பம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. இழப்பு, தொட்டிக்கும் அறைக்கும் இடையிலான வேறுபாட்டைப் பொறுத்தது. பயனோ குளிக்கும் நீருக்கும் உள்வரும் நீருக்கும் இடையிலான சிறிய வேறுபாட்டைப் பொறுத்தது. ஆகவே ஊர் வெப்பமாக ஆக, இழப்பின் அளவு குறைந்தாலும் அதன் பங்கு கூடுகிறது. இருவர் மட்டுமே குளிக்கும் வீட்டில் இதே கலனின் பயனுறுதிறன் 55 விழுக்காடாகிவிடும். அமெரிக்கச் சோதனையின் 12 கிலோவாட் மணிப் பயன்பாட்டில் சிறிதாகத் தோன்றும் இழப்பு, இங்கே பயனுக்கு நிகராக வளர்கிறது.

அடுத்து, பயன்படுத்தும் முறை. மென்பொருளின் எளிய அமைப்பில் கலன் ஆண்டு முழுதும் இயங்குவதாகக் கொள்ளப்படுகிறது. தமிழ்க் குடும்பங்களில் குளிப்பதற்குச் சற்று முன் விசையைப் போட்டு, பின் அணைப்பதே பரவலான வழக்கம். இவ்வழக்கத்தின் பயன் எவ்வளவு? 25 லிட்டர் நீரின் வெப்பக் கொள்ளளவை இழப்புக் கெழுவால் வகுத்தால் ஏறத்தாழ 23 மணி நேரம் கிடைக்கிறது. கலன் ஆறும் காலத்தின் அளவுகோல் இது. 60 பாகையில் நிரம்பிய கலனை அணைத்துவிட்டால், 24 மணி நேரத்துக்குப் பின்னும் நீர் 40 பாகையில் இருக்கும். அந்நாளின் இழப்பு 0.57 கிலோவாட் மணி. அணைக்காதிருந்தால் 0.92. எனவே நிரம்பிய கலனை அணைப்பது இழப்பில் ஐந்தில் இரண்டு பங்கை மட்டுமே மிச்சப்படுத்தும். குளித்து முடிக்கும்போது கலனில் வெந்நீர் எஞ்சாதவாறு அணைப்பதே பெரும் பயன் தரும். 25 லிட்டரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த 0.93 கிலோவாட் மணி போதும். ஒரு நாள் முழுதும் கலனை இயக்கத்தில் வைத்திருக்கும் செலவும், ஒரு கலன் நீரைப் புதிதாகச் சூடேற்றும் செலவும் ஏறத்தாழ ஒன்றே.

பருவத்தையும் சேர்த்தால் இடைவெளி பெரிதாகிறது. நால்வர் குடும்பம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை 120 நாள்கள் மட்டும், குளிக்கும் வேளையில் மட்டும் கீசரை இயக்கினால் ஆண்டுச் செலவு 336 கிலோவாட் மணியைத் தாண்டாது. ஆண்டு முழுதும் இயங்குவதாகக் கொள்ளும் மாதிரி 1,152 கிலோவாட் மணி என்று காட்டும். மூன்று மடங்குக்கும் மேலான இம்மிகையைக் கொண்டு ஒரு மாற்றுக் கருவியின் சேமிப்பை மதிப்பிட்டால், ஒருபோதும் நிகழாத இழப்பும் சேமிப்பாக எழுதப்பட்டுவிடும்.

உள்வரும் நீரின் வெப்பநிலையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. காற்றின் வெப்பநிலையிலிருந்து குழாய் நீரின் வெப்பநிலையைக் கணிக்க எனர்ஜிபிளசில் உள்ள சமன்பாடு, அமெரிக்காவில் கிறிசுடென்சன், பர்ச் ஆகியோர் உருவாக்கியது. மண்ணுக்கடியில் புதைந்த குழாய்களை மனத்தில் கொண்டது. புதுச்சேரி வீடுகளில் நீர் மொட்டைமாடித் தொட்டியில் வெயில் காய்ந்த பின்னரே குளியலறைக்கு இறங்குகிறது. கோடை மாலைகளில் குளிக்கக் கூசும் அளவுக்கு அது சூடேறிவிடும். இங்கே தொட்டியே சூடேற்றியாகிவிடுகிறது. மாதிரியில் அதற்கு இடமில்லை.

8. விடுதி அறையில் இரட்டை இழப்பு

குளிர்நாட்டு வீட்டில் கலனிலிருந்து கசியும் சூடு, குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க ஓரளவு உதவுகிறது. இழப்பு என்று பெயரிட்டாலும் அது முழு இழப்பன்று. புதுச்சேரியின் குளிரூட்டப்பட்ட விடுதி அறையில் நிலைமை நேரெதிர். கசியும் சூட்டைக் குளிர்சாதனம் மீண்டும் வெளியேற்ற வேண்டும்.

25 பாகையில் குளிரூட்டப்பட்ட அறையோடு திறந்திருக்கும் குளியலறையில், 60 பாகையில் நாள் முழுதும் இயங்கும் 25 லிட்டர் கலனைக் கொள்வோம். காத்திருப்பு இழப்பு 1.08 கிலோவாட் மணி. குளிர்சாதனத்தின் செயல்திறன் கெழு 3 எனில், அச்சூட்டை நீக்க மேலும் 0.36. மொத்தம் 1.44 கிலோவாட் மணி. இரண்டு விருந்தினரின் குளியலுக்கான பயன்வெப்பமோ 1.12தான். வெந்நீருக்கெனச் செலவாகும் ஆற்றலில் பாதிக்கும் குறைவே குளிப்பவரைச் சேர்கிறது. எனர்ஜிபிளஸ் மாதிரியில் கலனின் சுற்றுப்புறம் குறிப்பிட்ட ஓர் அறையா, வெளிப்புறமா, தனியே தரப்படும் ஒரு வெப்பநிலையா என்று தெரிவு செய்யும் வாய்ப்பு உள்ளது. அறையைத் தெரிவு செய்யாவிடில் இவ்விரண்டாம் இழப்பு கணக்கிலேயே வராது. வீட்டுக் கணக்கில் மிகையாகப் பிழைத்த மாதிரி, விடுதிக் கணக்கில் குறையாகப் பிழைக்கிறது.

அறைக்கொரு கலன் வைப்பதற்கும் மையக் கலன் வைப்பதற்கும் உள்ள வேறுபாடும் இங்கே தெளிவாகும். எட்டு 25 லிட்டர் கலன்களின் ஒரு நட்சத்திர எல்லை, 45 பாகை வேறுபாட்டில், 11.09 கிலோவாட் மணி; ஒரே 200 லிட்டர் கலனுக்கு 2.97. மையக் கலனைக் குளிரூட்டப்பட்ட பகுதிக்கு வெளியே வைக்கவும் முடியும். ஆயின் நீண்ட குழாய்களின் வெப்ப இழப்பு இந்த ஆதாயத்தின் ஒரு பகுதியை விழுங்கும். 2007இல் வெளியான ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு குழாய்களுக்கு வெப்பக் காப்பை வலியுறுத்தியது இதனாலேயே. மைய வெந்நீர் அமைப்புள்ள விடுதிகளும் மருத்துவமனைகளும் வடிவமைப்புத் திறனில் குறைந்தது 20 விழுக்காட்டைச் சூரிய வெப்பத்தால் பெற வேண்டும் என்றும் அது வகுத்தது.

பழைய வீட்டை விடுதியாக மாற்றுவோர்க்கு இங்கே ஒரு வரலாற்றுப் பாடம் உண்டு. வெந்நீரைக் கொல்லையில் வைத்த பழைய அமைப்பு, சூட்டை வாழிடத்திலிருந்து விலக்கி வைத்தது. மரபுக் கட்டடத்தின் பின்கட்டில் மையக் கலனை அமைப்பது அக்காரணத்தைப் புதிய கருவியோடு மீட்பதாகும்.

9. குளிரூட்டாத கட்டடமும் வெந்நீரின் பங்கும்

அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, பிரான்டிசெக் சாமர், ஜார்ஜ் நாகாசிமா ஆகியோர் பங்கேற்க, 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் நிறைவுற்ற புதுச்சேரியின் கோல்கொண்டா விடுதி, குளிர்சாதனம் இன்றியே வெப்பத்தை எதிர்கொண்ட கட்டடம். திருப்பத்தக்க கிடைப்பலகைகள் காற்றை உள்ளே விட்டு வெயிலைத் தடுக்கின்றன. வளைந்த ஓடுகளின் கீழுள்ள காற்றிடைவெளி கூரையின் சூட்டைக் குறைக்கிறது.

2018இல் வெளியான குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் முதற்பகுதி, சுவர், கூரை, சாளரம் ஆகிய புறவுறையிலேயே கவனம் செலுத்தியது. புறவுறை சீராகும்போது குளிரூட்டும் தேவை குறைகிறது. அப்போது எஞ்சும் செலவுகளில் வெந்நீரின் பங்கு தானாகவே உயர்கிறது. கோல்கொண்டா வழியில் கட்டுவோர்க்கு, நவீனக் குளிரூட்டிய கட்டடங்களில் ஒதுக்கத்தக்க சிறு எண்ணாக இருந்த காத்திருப்பு இழப்பு, பொருட்படுத்த வேண்டிய எண்ணாகிவிடுகிறது.

10. முடிவுரை

இவ்வாய்வின்வழி பெறப்பட்ட முடிவுகள் வருமாறு.

முதலாவதாக, வெந்நீரின் ஆற்றல் வரலாறு இழப்பு இடம்பெயர்ந்த வரலாறு. கொல்லை அடுப்பில் சூடேற்றும் வேளைக்குரியதாக இருந்த இழப்பு, கீசரில் காத்திருக்கும் வேளைக்கும் தொலைவிலுள்ள மின்நிலையத்துக்கும் இடம்மாறியது. குளியலறை வீட்டுக்குள் வந்தபோது அவ்விழப்பும் அறைக்குள் வந்தது.

இரண்டாவதாக, தர அட்டவணையின் எண்ணை நேரடியாக மாதிரியில் இடுவது தவறு. அதிலிருந்து இழப்புக் கெழுவை மட்டும் பிரித்தெடுத்து, தொட்டி வெப்பநிலை, கலன் உள்ள அறை, உள்வரும் நீர், இயக்க நேரம், பருவம் ஆகிய ஐந்தையும் உள்ளூர் நிலைக்கேற்ப இட வேண்டும். மாதிரி வழங்குவோர் இந்த ஐந்தையும் வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும்.

மூன்றாவதாக, புதுச்சேரி போன்ற வெப்பமண்டலக் கடற்கரை நகரில் காத்திருப்பு இழப்பின் அளவு குறைவு, பங்கு மிகுதி. சிக்கனமாக வாழும் வீட்டை மாதிரி மிகையாகக் குற்றஞ்சாட்டுகிறது. நாள் முழுதும் கலனைச் சூடாக வைத்திருக்கும் குளிரூட்டிய அறையைக் குறைவாக மதிப்பிடுகிறது. விதிகளும் ஊக்கத்தொகைகளும் இக்கணிப்புகளின் மேல் எழுவதால் இப்பிழை ஏட்டோடு நிற்பதில்லை.

வீட்டில் எத்தனை பேர், எந்த மாதங்களில், எவ்வளவு வெந்நீரை விளாவிக் குளிக்கின்றனர் என்பதை வீடுவீடாகப் பதிவு செய்யும் களஆய்வு இத்துறையின் அடுத்த தேவை. இழப்புக் கெழுவைச் சோதனைக்கூடம் தரும். எஞ்சிய எண்கள் புதுச்சேரியின் குளியலறைகளிலேயே உள்ளன. பண்பாட்டு ஆய்வாளரும் பொறியாளரும் இணைந்தே அவற்றைத் திரட்ட இயலும்.